இன்ஜின் லைனர் மாற்றிய பிறகு ஆயில் சம்ப்பில் தண்ணீர் இறங்குகிறது: எங்கே தேடுவது?

சேந்தமங்கலத்தான்
ஆறு சிலிண்டர் பழைய லாரி இன்ஜின், வெட் லைனர் (பிஸ்டன் ஓடும் குழல்; வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் சூழ்ந்திருக்கும்). வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) எல்லாம் புதிதாகப் போட்டேன். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். மறுநாள் காலையில் ஆயில் கம்பியில் அளவு ஏறியிருக்கிறது. சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது, அதற்குப் பிறகே ஆயில். ஹெட் கேஸ்கெட்டா?

டீசல்பிரியன்
ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைப்பான் கிடைக்கிறதே, அதைப் பாருங்கள்.

பழைய பட்டறை
அதை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களும் சேர்ந்து அடையும். வேண்டாம். தம்பி, செல்ப் அடித்துவிடாதீர்கள். பிஸ்டன் மேல் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஹெட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு சம்ப்பை இறக்குங்கள். லைனர்களின் அடிவிளிம்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு வைத்து அழுத்தம் கொடுங்கள். மூடியில் குறித்திருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். டார்ச்சுடன் கீழே படுத்துப் பாருங்கள். லைனருக்கு வெளிப்பக்கம் சொட்டினால் ஓ-ரிங், அதாவது லைனரின் அடிப்பக்கம் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம். உள்ளிருந்து பிஸ்டனை ஒட்டி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது லைனரில் விரிசல். எதுவும் சொட்டாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரைச் சந்தேகப்படுங்கள்.

சேந்தமங்கலத்தான்
பார்த்துவிட்டேன் அண்ணா. நான்காவது லைனரில், வெளிப்பக்கம், கேம்ஷாப்ட் ஓரமாக முத்து முத்தாகத் திரண்டு விழுகிறது. மற்ற ஐந்தும் உலர்ந்திருக்கின்றன.

பழைய பட்டறை
அப்படியானால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஒருமுறை இறுக்கிய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். லைனரை உருவியதும் ஓ-ரிங் முறுக்கியிருக்கிறதா, ஓரம் சீவியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளாக்கில் அந்த ரிங் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள்.

சேந்தமங்கலத்தான்
ரிங்கில் கீறல்கூட இல்லை. பிளாக்கில்தான், கசிந்த பக்கத்திலேயே, உளுந்து அளவுக்கு ஒரு குழி. நகம் சிக்குகிறது.

பழைய பட்டறை
துருக்குழி. கூலன்ட் கலக்காமல் வெறும் போர் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓடிய வண்டியாக இருக்கும். புது ரிங் எத்தனை போட்டாலும் அந்த இடத்தில் கசியும். உறுதியான வழி, லேத் பட்டறையில் அந்த இடத்தைக் குடைந்து புஷ் (உலோக வளையம்) போடுவது. ஆனால் அதற்குப் பிளாக்கையே இறக்க வேண்டும். ஒரே குழி என்றால் நான் துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, உலோக எபாக்ஸி வைத்து, இறுகிய பிறகு வளைவுக்கு ஏற்றபடி தேய்ப்பேன்.

அடுத்து ரிங் இல்லாமல் லைனரை இறக்குங்கள்; கையாலேயே இறங்கிச் சுழல வேண்டும். பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, உங்கள் இன்ஜின் கையேட்டுடன் ஒப்பிடுங்கள். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் கணக்கு. அது குறைந்தால் புது கேஸ்கெட்டும் நிற்காது. ரிங்கை மாட்டியதும் அதற்கடியில் வழவழப்பான கம்பியை விட்டு ஒரு சுற்று ஓட்டினால் முறுக்கு போய்விடும். சோப்புத் தண்ணீர் தடவி உள்ளங்கையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். சம்ப் மாட்டும் முன் ஓர் இரவு அழுத்தத்தில் வையுங்கள்.

ரிக் மெக்கானிக்
ஒன்று விட்டுப்போயிற்று. ஹெட் இல்லாதபோது பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க்கைச் சுற்றினால் பிஸ்டனோடு மற்ற லைனர்களும் மேலே எழும்பி, நன்றாக இருக்கும் ரிங்குகளும் கெடும். ஹெட் போல்ட் துளைகளில் போல்ட்டும் தடித்த வாஷரும் போட்டு ஐந்தையும் பிடித்துவைத்துவிட்டுச் சுற்றுங்கள். வாஷர் பிஸ்டன் வரும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.