வைட்டமின் பி12 கம்மியானா வயிறு ஏன் இப்படி படுத்துது?

மழைத்துளி:
அம்மாவுக்கு கொஞ்ச மாசமாவே பசி இல்ல, ரெண்டு வாய் சாப்பிட்டதும் போதும்னு எந்திரிச்சிடறாங்க, நாக்கு செவந்து வழவழன்னு ஆகி காரம் பட்டாலே எரியுதாம், வயிறு ஒரு வாரம் கட்டிக்குது அடுத்த வாரம் பேதியா போகுது. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, ரத்த டெஸ்ட்ல பி12 ரொம்ப கம்மி. இதுக்கும் வயித்துக்கும் என்னங்க சம்பந்தம்? சுகருக்கு மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கு ஒமிப்ரசோல் ரெண்டும் வருஷக்கணக்கா எடுக்கறாங்க.

கரிசல்:
நிறைய சம்பந்தம் இருக்குங்க. குடலோட உள்தோல் சில நாளுக்கு ஒருதடவை உதிர்ந்து புதுசா வந்துட்டே இருக்கும், அந்த புது செல்லுக்கு டிஎன்ஏ உருவாக பி12ம் ஃபோலேட்டும் (இதுவும் ஒரு பி வைட்டமின்தான், மாத்திரையா வந்தா ஃபோலிக் ஆசிட்) வேணும், அது கெடைக்கலன்னா தோல் ஒழுங்கா வளராது, பேதி அதனாலயும் வரும். நாக்கும் அப்படித்தான், மேல இருக்கற மொட்டெல்லாம் தேஞ்சு போறதாலதான் வழவழப்பு. கை கால் மரத்துப்போகுதான்னும் கேட்டுப்பாருங்க, நரம்பையும் இது பாதிக்கும்.

தேடல்:
அதை விட முக்கியம், பி12 ஏன் கொறஞ்சுதுன்னு பாக்கறது. சாப்பாட்டுல புரதத்தோட ஒட்டிட்டு இருக்கற பி12ஐ பிரிச்செடுக்க வயித்து அமிலம் வேணும், அப்புறம் இரைப்பை சுரக்கற இன்ட்ரின்சிக் ஃபேக்டர்ங்கற புரதத்தோட சேர்ந்து சிறுகுடலோட கடைசி பகுதிக்கு போனாத்தான் உடம்புல ஏறும். ஒமிப்ரசோல் அமிலத்தை கொறைக்குது, மெட்ஃபார்மின் உறிஞ்சறதை கொறைக்குது, அம்மா ரெண்டையும் எடுக்கறாங்க. ஈரல்ல வருஷக்கணக்குக்கு ஸ்டாக் இருக்கறதால ரொம்ப லேட்டாத்தான் வெளிய தெரியும். அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க. இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிரான ஆன்டிபாடி டெஸ்ட் தேவையான்னும் கேளுங்க, உடம்பே அதை அழிக்கற ஒரு வியாதி இருக்கு.

வெண்பனி:
ஒண்ணு சேத்துக்கறேன். ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியா வாங்கி போட்டுடாதீங்க, பி12 கொறையறதால வர்ற ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், ஆனா உள்ள நரம்பு கெட்டுட்டே போகும், பயமா இருக்கு இதை சொல்லாம விட. மத்த பி வைட்டமினும் வயித்த தொடும், பி1 கொறஞ்சா பசி போய் குமட்டல் வாந்தி வரும், பி3 ரொம்ப கொறஞ்சா பெலாக்ரான்னு ஒரு வியாதி வரும், அதுல பேதி ஒரு முக்கிய அறிகுறி.

மழைத்துளி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், மரத்துப்போறது இருக்குன்னு இப்பத்தான் சொல்றாங்க, நாளைக்கே கூட்டிட்டு போறேன். ஊசிதான் போடணுமா, மாத்திரை போதாதா?

தேடல்:
மரத்துப்போறது இருந்தா பொதுவா ஊசியிலதான் ஆரம்பிப்பாங்க. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லன்னாலும் மாத்திரைல 100ல ஒரு பங்கு போல தானாவே உள்ள போகும், அதனாலதான் 1000 மைக்ரோகிராம்னு பெரிய டோஸா குடுக்கறாங்க. எதுன்னாலும் மரத்துப்போற விஷயத்தை டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லிடுங்க.