டென்டன் கவுண்டி ஜெயில் பதிவில் என் தம்பி பெயர்: இதை எப்படிப் படிப்பது?

கல்யாணி, பிளேனோ

வணக்கம். டாலஸ் பக்கம் இருப்பவர்களில் யாருக்காவது இது பழக்கமாக இருந்தால் உதவுங்கள். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

என் தம்பி இர்விங்கில் இருக்கிறான். ஹெச்-1பி விசா. ஃபிரிஸ்கோவில் ஒரு நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பும்போது ராத்திரி போலீஸ் நிறுத்தியிருக்கிறது. அதிகாலை 4:10-க்கு எனக்குப் போன். ஜெயிலிலிருந்து வரும் அழைப்பு என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. அப்புறம் அவன் குரல்: "அக்கா, போலீஸ் பிடிச்சிட்டாங்க. டி.டபிள்யூ.ஐ.ன்னு, குடிச்சிட்டு வண்டி ஓட்டினேன்னு சொல்றாங்க." எந்த ஊர் என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

வீடு இர்விங் என்பதால் டாலஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயில் தளத்தில் தேடினேன். கடைசிப் பெயர் கேட்ட கட்டத்தில் செந்தில்குமார் என்று போட்டேன். இல்லை. செந்தில், குமார் என்று பிரித்துப் போட்டேன். இல்லை. எங்கள் காலின் கவுண்டியிலும் இல்லை. விடிகிற நேரத்தில் என் வீட்டுக்காரர்தான், "பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் உங்க அப்பா பேர்தானே இருக்கு?" என்று கேட்டார். அப்பா பெயரைப் போட்டு டென்டன் கவுண்டியில் தேடியதும் வந்தது. அதையும் முதலில் மூடிவிட்டேன். பிறந்த தேதி 04/07 என்று இருந்தது. இருந்த பதற்றத்தில் அதை ஜூலை 4 என்று படித்து, இது வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். அவன் பிறந்தது ஏப்ரல் 7.

பாண்ட், அதாவது ஜாமீன் தொகை, 1,500 டாலர். பணமாகவே கட்டி சனிக்கிழமை சாயங்காலம் அழைத்து வந்தோம். ஊதச் சொன்னதில் ஆல்கஹால் அளவு 0.11 வந்ததாம். அந்தப் பதிவில் குற்றத்தின் பெயருக்குப் பக்கத்தில் "எம்.பி." என்று இரண்டு எழுத்து. கவுண்டியின் வழக்குத் தேடலில் போட்டால் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் வழக்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அவன் கம்பெனிக்குத் தெரியுமா? டிசம்பரில் எங்கள் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறான், சென்னையில் விசா ஸ்டாம்பிங் வேறு இருக்கிறது.

இன்னொன்று. யாரோ நடத்துகிற ஒரு தளத்தில் அவன் புகைப்படத்தையே போட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை, காலர் ஒரு பக்கம் மடங்கி இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

வாசுகி, மெக்கின்னி

கல்யாணி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் தம்பியிடம் ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கைது செய்த அன்று அவனிடம் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். மேலே டி.ஐ.சி-25 என்று இருக்கும். பலர் அதை ஜெயில் ரசீது என்று நினைத்து பேன்ட் பாக்கெட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அது டிரைவிங் லைசென்ஸை நிறுத்தி வைப்பதற்கான நோட்டீஸ். அதை வாங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் லைசென்ஸ் தரும் டி.பி.எஸ். அலுவலகத்திடம் விசாரணை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் 40-ஆவது நாள் லைசென்ஸ் தானாகவே நின்றுவிடும். ஊதி 0.08 அல்லது அதற்கு மேல் வந்து, முதல் தடவை என்றால் 90 நாள், ஊத மறுத்திருந்தால் 180 நாள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற ஜெயில் பதிவில் இந்த 15 நாள் கணக்கு எங்கேயும் வராது. உங்களுக்கு ஒன்பது நாள் போய்விட்டது. இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

சரி, இப்போது பதிவுக்கு வருகிறேன். நான் டெக்சஸ் கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். எந்த வழக்கைப் பற்றியும் பேசமாட்டேன், ஆனால் பதிவைப் படிக்கும் முறையைச் சொல்லலாம்.

நீங்கள் தடுமாறிய இடத்தில்தான் நம் ஆட்கள் எல்லோருமே தடுமாறுகிறார்கள். டெக்சஸில் 254 கவுண்டி. ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பதுதான் கணக்கு. ஃபிரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் கிழக்குப் பாதி காலின், மேற்குப் பாதி டென்டன். டாலஸ் நகரமே ஐந்து கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது. அதனால் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளையும் தேட வேண்டும். சில ஊர்களில் முதல் சில மணி நேரம் நகரப் போலீஸின் சொந்த லாக்கப்பில் வைத்திருப்பார்கள், அதுவரை கவுண்டியில் பெயர் ஏறாது.

அடுத்தது பெயர். அப்பா பெயர், இனிஷியல், இரண்டாகப் பிரித்த பெயர், ஒட்டிய பெயர் என்று எல்லா விதத்திலும் தேடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஜெயிலிலும் அப்படியே ஏறிவிடும். ஒருமுறை ஆள் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் இருக்கும் எஸ்.ஓ. நம்பரைக் குறித்து வையுங்கள். கவுண்டி ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் அலுவலகம் அந்த ஆளுக்குக் கொடுத்த எண் அது. பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது.

நீங்கள் கேட்ட "எம்.பி." என்பது மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம், பி வகுப்பு. 0.15-க்குக் குறைவாக இருக்கும் முதல் டி.டபிள்யூ.ஐ. இதில்தான் வரும். சட்டத்தில் 72 மணி நேரத்திலிருந்து 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். 0.15 அல்லது அதற்கு மேல் என்றால் "எம்.ஏ.", அதாவது ஏ வகுப்பு, ஒரு வருஷம் வரை, 4,000 டாலர் வரை. "எஃப்" என்று தொடங்கினால் ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், அது பெரிய கோர்ட்டுக்குப் போகும். இதெல்லாம் சட்டம் எழுதி வைத்திருக்கும் உச்சவரம்பு. உங்கள் தம்பிக்குக் கிடைக்கப் போகும் தண்டனை என்று படித்துப் பயப்படாதீர்கள்.

இனி முக்கியமான கேள்வி. வழக்குத் தேடலில் வரவில்லை என்றால் வழக்கு இல்லை என்று அர்த்தமா? இல்லை. நீங்கள் பார்த்தது ஷெரிஃப் மேசையில் இருக்கும் குறிப்பு: இந்தத் தேதியில், இந்த போலீஸ், இன்ன சந்தேகத்தில் இந்த ஆளைக் கொண்டுவந்து விட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் போலீஸ் எழுதிய ஃபைல் அரசுத் தரப்பு மாவட்ட வக்கீல் அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் படித்துப் பார்த்து வழக்குப் போடலாம், வேறு குற்றமாக மாற்றலாம், எடுக்கவே மறுக்கலாம். போட்டால்தான் கோர்ட் கிளார்க் மேசையில் எண் விழும். அந்த எண்ணை இங்கே காஸ் நம்பர் என்பார்கள். ரத்தப் பரிசோதனை எடுத்த வழக்குகள் லேப் முடிவுக்காக மாதக்கணக்கில் நிற்பதுண்டு. ஏ, பி வகுப்பு மிஸ்டிமீனருக்கு வழக்குப் போட அவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. அதனால் வாரம் ஒருமுறை தேடிப் பாருங்கள், காலியாக இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள்.

போலீஸ் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கும். டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தில், கைதைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைப் போலீஸ் மறைக்க முடியாது. முழு ரிப்போர்ட்டையும் வீடியோவையும் வழக்கு நடக்கும்வரை நிறுத்தி வைக்கலாம். அதை வக்கீல் வழியாக வாங்குவதுதான் நல்லது.

கட்டிய 1,500 டாலர் ரசீது பத்திரம். பணமாகக் கட்டிய பாண்ட், ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்து வழக்கு முடிந்தால் திரும்ப வரும், ரசீதில் பெயர் இருப்பவருக்குத்தான் வரும். பாண்ட் ஏஜென்டிடம் கொடுத்திருந்தால் அவருடைய கூலி வராது.

கம்பெனிக்கு ஜெயில் யாரும் போன் செய்து சொல்வதில்லை. ஆனால் அந்தப் பதிவு பொதுப் பதிவு. தேடுகிறவர் கண்ணில் படும்.

சரவணன், கேரல்டன்

கல்யாணி மேடம், புகைப்படம் போட்ட தளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது எங்கள் வீட்டிலும் நடந்தது.

என் பையனுக்கு அப்போது 17 வயது. ஒரு கடையில் 120 டாலர் ஹெட்போனை எடுத்துவிட்டான். அவன் மைனர், இது வெளியே வராது என்று நான் உறுதியாக நம்பினேன். டெக்சஸில் கிரிமினல் சட்டத்துக்கு 17 வயது ஆனாலே பெரியவர். ஜெயில் பதிவும் போட்டோவும் மற்றவர்களுக்கு வருவது போலவே வெளியே வந்துவிட்டன. டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கும் நம் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டோ போட்ட தளத்தில் நீக்குவதற்குப் பணம் கேட்டார்கள். அழுதுகொண்டே கார்டை எடுத்தாள் என் மனைவி. வக்கீல் தடுத்தார். 2013-ல் டெக்சஸ் கொண்டுவந்த சட்டம் இருக்கிறது, பிசினஸ் அண்ட் காமர்ஸ் கோட், 109-ஆவது அத்தியாயம். இப்படிப் பதிவுகளைப் போட்டுப் பிழைக்கும் தளங்கள் நீக்கவோ திருத்தவோ பணம் வாங்கக் கூடாது. தகவல் தப்பு என்று எழுதினால் இலவசமாகச் சரிபார்க்க வேண்டும். கோர்ட் பதிவை அழித்தது தெரிந்த பிறகும் போட்டு வைத்திருந்தால் ஒவ்வொரு நாளைக்கும் 500 டாலர் வரை தண்டம். பையன் டைவர்ஷன் திட்டத்தை (நிபந்தனைகளை முடித்தால் வழக்கை விடும் ஏற்பாடு) முடித்தான், வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள், கோர்ட்டில் எக்ஸ்பங்ஷன், அதாவது பதிவை அழிக்கும் உத்தரவு, வாங்கினோம். அந்த உத்தரவின் நகலை அனுப்பிய இரண்டாவது வாரம் போட்டோ போய்விட்டது.

இப்போதைக்குப் பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றில் எடுத்தால் அடுத்த தளத்தில் முளைக்கும்.

கல்யாணி, பிளேனோ

வாசுகி அக்கா, அந்தத் தாள் அவன் கார் டேஷ்போர்டில் எண்ணெய் மாற்றிய பில்லோடு மடங்கிக் கிடந்தது. வக்கீல் பதினோராவது நாள் விசாரணை கேட்டு அனுப்பிவிட்டார். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் ஜெயில் பக்கத்தையே ரிஃப்ரெஷ் செய்துகொண்டு அந்த 15 நாளையும் விட்டிருப்போம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சரவணன் சார், பையன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று நம்புகிறேன். பணம் கட்டவில்லை.

ஒரு சந்தேகம். வழக்கு தள்ளுபடி ஆகி, பதிவையும் அழித்துவிட்டால் சென்னை கான்சுலேட்டில் ஒன்றும் சொல்ல வேண்டாம்தானே? தம்பியின் ரூம்மேட் அப்படித்தான் சொல்கிறார்.

வாசுகி, மெக்கின்னி

ரூம்மேட் சொன்னதை அப்படியே விட்டுவிடுங்கள் கல்யாணி. இதில் கைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்கிறேன்.

டெக்சஸ் கோர்ட் பதிவை அழித்தாலும் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அந்தக் கைது நடந்ததுதான். விசா படிவம், கிரீன் கார்டு, பிற்காலத்தில் குடியுரிமை எல்லாவற்றிலும் "எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்வி இருக்கும். பதில் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். விரல் ரேகை எடுத்த அன்றே அது மத்திய அரசின் பதிவுக்குப் போய்விட்டது. மறைப்பதுதான் ஆபத்து.

அதனால் வரிசை முக்கியம். வழக்கு எப்படி முடிந்தாலும் முதலில் கிளார்க் அலுவலகத்தில் முத்திரை வைத்த நகல்கள் வாங்குங்கள். ஏ, பி வகுப்பு என்றால் கவுண்டி கிளார்க், ஃபெலனி என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்லும் டிஸ்பொசிஷன் அதில் இருக்க வேண்டும். நாலைந்து செட் வாங்குங்கள், செலவு சில டாலர்தான். அதற்கப்புறம்தான் எக்ஸ்பங்ஷன். உத்தரவு வந்ததும் பதிவை அழித்துவிடுவார்கள். அப்புறம் கான்சுலேட் தாள் கேட்டால், அப்படி ஒரு வழக்கே இல்லை என்று கிளார்க் சொல்லிவிடுவார். தள்ளுபடி ஆன வழக்கை நிரூபிக்க முடியாமல் கவுன்டரில் நின்று அழுதவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டிஸ்பொசிஷன் சொற்களில் ஒன்றிடம் மட்டும் மிகவும் ஜாக்கிரதை: டெஃபர்டு அட்ஜுடிகேஷன். டெக்சஸ் கணக்கில் அது தண்டனை இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிபந்தனைகளை முடித்தால் வழக்கு மூடப்படும், கேட்க இனிமையாக இருக்கும். குடியேற்றச் சட்டத்தில் அதே ஒப்புதல் தண்டனையாகவே எண்ணப்படும். 2010-ல் சுப்ரீம் கோர்ட், படீல்லா வழக்கில், கையெழுத்துப் போடும் முன்பே குடியேற்ற விளைவுகளைச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று சொல்லிவிட்டது. உங்கள் வக்கீலிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இமிக்ரேஷன் வக்கீல் ஒருவரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

டிசம்பர் பயணம். டி.டபிள்யூ.ஐ. கைதுக்கே, தீர்ப்புக்கு முன்பே, பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்வதுண்டு. தம்பியின் மின்னஞ்சலை, ஸ்பாம் உட்பட, பார்க்கச் சொல்லுங்கள். விசா ரத்தானதால் மட்டும் இங்கே அவன் வேலை பார்க்கும் அனுமதி போய்விடாது. வெளியே போனால்தான் புதிய விசா வேண்டும், அதற்கு அவர்கள் சொல்லும் டாக்டரிடம் குடிப்பழக்கம் பற்றிய மருத்துவப் பரிசோதனையும் வரும். அதற்கு நாள் பிடிக்கும். டிக்கெட் போட்டிருந்தால் தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டா என்று இன்றே பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு அவன் வர முடியாமல் போகலாம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.