இழைப்புளியில் விரிசல்: மதுரையில் யார் ஒட்டித் தருவார்கள்?

வணக்கம். அப்பாவின் வார்ப்பிரும்பு இழைப்புளி கீழே விழுந்து, வாய் (உளித்தகடு வெளியே நீட்டும் பிளவு) ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை மயிரிழை விரிசல். மண்ணெண்ணெய் தடவித் துடைத்தால் கோட்டில் மறுபடி கசிகிறது. ஒரு பட்டறையில் சாதாரண வெல்டிங் ராடு வைத்தே ஒட்டலாம் என்றார்கள். வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல். அந்த ராடு போட்டால் ஒட்டின ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி, ஆறும்போதே வெடிக்கும்.

விரிசல் முனையில் சின்னத் துளை போட்டு, சூடேற்றி, நிக்கல் ராடில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிடுபவர் வேண்டும். கேஸ் சுடரில் பித்தளை உருக்கி வைத்து ஒட்டுபவர் கிடைத்தாலும் சரி. அடிப்பாகம் மட்டும் கோணிவிடக் கூடாது, அப்புறம் அது பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும். கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் யாராவது தெரியுமா? கூலி எவ்வளவு ஆகும்?