நவம்பர் 20 கூட்டம்: ரீட்டாவைப் பற்றி என்ன பேசுவது?

வெண்ணிலா: எங்கள் கல்லூரியில் திருநர் நினைவு நாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறோம். போஸ்டரில் ரீட்டா ஹெஸ்டர் பெயர் மட்டும் இருக்கிறது. ஐந்து நிமிடம் நான்தான் பேச வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆல்ஸ்டன்வாசி: நான் இருப்பது அமெரிக்காவின் பாஸ்டனில், ரீட்டா வாழ்ந்த அதே ஆல்ஸ்டன் பகுதி. ரீட்டா கறுப்பினத் திருநங்கை. 1998 நவம்பர் 28 அன்று தன் வீட்டிலேயே கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இரண்டு நாளில் 35வது பிறந்தநாள். கொன்றவன் இன்னும் பிடிபடவில்லை. செத்த பிறகும் சில பத்திரிகைகள் அவரை ஆண் என்றே எழுதின, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. டிசம்பர் 4 அன்று நண்பர்கள் மெழுகுவத்தியோடு தெருவில் நடந்தார்கள். 2022இல் இங்கே ஒரு சுவரில் அவர் படத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும்.

ஆனால் வெண்ணிலா, ஷனெல் பிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். அவரும் கறுப்பினத் திருநங்கை, பக்கத்து ஊர் வாட்டர்டவுனில் 1995 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டவர். வழக்கில் கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை, தாக்கியதற்கு மட்டும் இரண்டு வருடம்! ரீட்டா இறந்தபோது, மூன்றே வருடத்தில், ஷனெலைப் பலர் மறந்திருந்தார்கள். அந்த மறதியைக் கண்டு கொதித்துத்தான் குவெண்டலின் ஆன் ஸ்மித் என்ற திருநங்கை, இப்படிக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தொகுக்க ஆரம்பித்தார். 1999இல் நினைவு நாள் வந்தது.

முருகேசன்: சோகமான நாள் எதற்கு, ஏப்ரல் 15 திருநங்கையர் தினம் இருக்கிறதே?

ஆல்ஸ்டன்வாசி: அது நல்ல நாள்தான் அண்ணே, கொண்டாடுங்கள். இது செத்தவர்களுக்கு. வீட்டில் கல்யாணமும் நடக்கும், திதியும் கொடுப்போம் இல்லையா?

வெண்ணிலா: சரி, போஸ்டரில் ஷனெல் பெயரையும் சேர்க்கச் சொல்கிறேன்.