புதுப்பிப்பு: சன்ஸ்கிரீனும் நெற்றிப் பருவும்

நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்கு தினமும் ஸ்கூட்டரில் போகிறேன், சன்ஸ்கிரீன் போட்டால் நெற்றியில் பொடிப்பொடியாகப் பரு வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நெற்றி நன்றாகத் தெளிந்துவிட்டது.

பெரிய மாற்றம் இரவு முகம் கழுவுவதில்தான். வியர்வைக்கும் தண்ணீருக்கும் தாங்கும் சன்ஸ்கிரீன் ஒரே கழுவலில் முழுதாகப் போவதில்லை. மிச்சம் எண்ணெய்ப் பசையோடும் இறந்த செல்களோடும் சேர்ந்து துளைகளில் தங்கிவிடும். அதனால் முதலில் மைசெல்லார் வாட்டரை (அழுக்கையும் எண்ணெயையும் துடைத்தெடுக்கும் தண்ணீர் போன்ற திரவம்) பஞ்சில் நனைத்துத் துடைக்கிறேன், அப்புறம் மென்மையான ஃபேஸ்வாஷ். ஸ்கிரப் கிடையாது, தேய்த்தால் பரு இன்னும் சிவக்கும்.

சிலர் தேங்காய் எண்ணெயால் துடைக்கச் சொன்னீர்கள். நம் மாவட்டத்தில் அது இல்லாத வீடு ஏது! ஆனால் பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கக்கூடியது. தலைக்கு வைக்கும் எண்ணெய்கூட நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

கெட்டி கிரீமை விட்டு ‘நான்-காமெடோஜெனிக்’ (துளைகளை அடைக்காதது) என்று போட்ட ஜெல் சன்ஸ்கிரீனுக்கு மாறினேன், எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 50. அளவைக் குறைக்கவில்லை: இரண்டு விரல் நீளம், வெயிலில் நின்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையை ஒற்றி எடுத்த பிறகு.

பருவுக்குப் பூசும் சாலிசிலிக் அமிலம் பற்றிக் கேட்டவர்களுக்கு: தொடங்கவில்லை, தேவைப்படவில்லை.