மூன்று கோழிகள், வாரத்துக்கு இரண்டே முட்டை: மொட்டைமாடி வளர்ப்பில் உதவி தேவை

பெரம்பூரிலிருந்து கேள்வி

வணக்கம். சென்ற அக்டோபரில் நான்கு மாத விடைக்கோழிகளாக வாங்கிய மூன்று நாட்டுக் கோழிகளை மொட்டைமாடிக் கூண்டில் வளர்த்து வருகிறேன். மார்ச் வரை மூன்றும் சேர்ந்து வாரத்துக்கு ஒன்பது, பத்து முட்டைகள் இட்டன. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து இரண்டு கிடைத்தாலே பெரிது. அவற்றிலும் ஒன்று, எடுக்கும்போதே விரல் பட்ட இடம் அமுங்கும் அளவுக்கு ஓடு மெலிந்திருக்கிறது. கறுப்புக் கோழியோ முட்டைப் பெட்டியை விட்டு இறங்குவதே இல்லை. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. சேவல் இல்லாததுதான் காரணம் என்கிறார் கீழ்வீட்டுப் பெரியவர். (சேவல் வந்தால் விடியற்காலைக் கூவலுக்கு முதலில் சண்டைக்கு வரப்போகிறவரும் அவரே.) பழைய சோறும் குருணையும் காய்கறிக் கழிவும்தான் தீனி. இது நோயா?

கொளத்தூரிலிருந்து பதில்

முட்டை இடுவதற்குச் சேவல் தேவையில்லை. அந்த முட்டையிலிருந்து குஞ்சு வரவேண்டுமானால் மட்டுமே தேவை. கூண்டின் கூரை எதனால் ஆனது? பிற்பகல் இரண்டு மணிக்குக் கோழிகள் எப்படி இருக்கின்றன? கறுப்புக் கோழியின் எச்சத்தைப் பார்த்தீர்களா? இம்மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் மருந்து சொல்வது சரியாகாது.

பெரம்பூர்

கூரை தகரம். இரண்டு மணிக்கு மற்ற இரண்டு கோழிகளும் வாயைத் திறந்து மூச்சிரைத்தபடி, சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர்க் கிண்ணமும் வெயிலில்தான் இருக்கிறது. மதியம் தொட்டுப் பார்த்தபோது தண்ணீர் கொதித்தது. கறுப்புக் கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசரமாகத் தின்று, கடும் நாற்றத்துடன் ஒரே பெரிய கட்டியாக எச்சமிட்டுவிட்டு மீண்டும் ஏறிக்கொள்கிறது.

கொளத்தூர்

அந்தக் கட்டி எச்சமே விடை, ஐயா. கறுப்புக் கோழிக்கு நோய் இல்லை, குஞ்சு பொரிக்க அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அடையில் இருக்கும் கோழி முட்டை இடாது. முட்டைதான் வேண்டுமென்றால், வைக்கோல் இல்லாத, அடியில் கம்பி வலை போட்ட கூண்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, தீனியும் தண்ணீரும் கொடுத்து, நிழலில் மூன்று நான்கு நாட்கள் அதில் விட்டுவையுங்கள். அடிவயிற்றில் காற்றுப் படப்பட அடை தெளியும். மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது போன்ற வைத்தியங்களை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவை வெறும் துன்புறுத்தல்.

மற்ற இரண்டுக்கும் வெயில்தான் பகை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது. அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, முட்டை ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. ஓடு என்பதே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தானே! ஆகையால் கால்சியத்துக்காகக் கிளிஞ்சலை அள்ளிப் போடுவதற்கு முன்பு மூச்சிரைப்பை நிறுத்த வேண்டும். தகரத்தின் மேல் தென்னங்கீற்றைக் கனமாகப் பரப்புங்கள். தண்ணீரை மண்சட்டியில் ஊற்றி நிழலில் வையுங்கள். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் கொடுங்கள்.

மாதவரத்திலிருந்து பதில்

மேலே சொன்னது சரி. ஆனால் தீனியைச் சற்று எளிதாகக் கடந்துவிட்டார். முட்டையிடும் கோழியின் தீனியில் புரதம் சுமார் 16 விழுக்காடு இருக்க வேண்டும். அரிசியில் அதில் பாதிகூட இல்லை, கால்சியமோ பெயரளவுக்குத்தான். ஒரு முட்டை ஓட்டுக்கே ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது. முட்டைக் கோழிகளுக்கென்றே விற்கும் லேயர் தீவனத்தை முதன்மையாக வைத்து, சோற்றை ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் தூளைத் தீனியோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். அப்படியும் மார்ச் மாதக் கணக்கை ஆண்டு முழுவதும் எதிர்பார்க்காதீர்கள். நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடுவதே வழக்கம்.

இன்னொன்று: காலை ஆறு மணிக் குளிர்ச்சியிலும் வாயைத் திறந்து இரைத்தால் அது வெயில் அன்று. பச்சையும் வெள்ளையுமான கழிச்சலோ கழுத்துத் திருகலோ தென்பட்டால் வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிட்டு, அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?

பெரம்பூர், பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு

விற்றவர் போட்டதாகச் சொன்னாரே தவிர, எழுத்தில் எதுவும் தரவில்லை. வரும் வாரம் மருத்துவரிடமே கேட்டுவிடுவேன். காலையில் இரைப்பு இல்லை. கீற்றுப் பரப்பிய பிறகு பிற்பகல் இரைப்பும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. கறுப்புக் கோழி நான்காம் நாள் அடை தெளிந்து மண்ணைக் கிளறத் தொடங்கிவிட்டது, முட்டை மட்டும் இன்னும் இடவில்லை. மற்ற இரண்டும் இந்த வாரம் நான்கு முட்டைகள் இட்டன. மூன்றின் ஓடு உறுதியாக இருந்தது, ஒன்று மட்டும் பழையபடியே அமுங்கியது.