புது சீசன் தொடங்கின வாரம்: உங்கள் வரிசையும், இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு காட்சியும்

காலாப்பட்டு ஹாஸ்டல்

2009 செப்டம்பர் கடைசி வாரம். அமெரிக்க சேனல்கள் எல்லாம் அந்த ஒரே வாரத்தில் புது சீசனை இறக்குவார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். திங்கள் 21ஆம் தேதி 'ஹவுஸ்' என்கிற டாக்டர் தொடரின் ஆறாவது சீசன், இரண்டு மணி நேரம். செவ்வாய் 'தி குட் வைஃப்'. புதன் 'மாடர்ன் ஃபேமிலி'. வியாழன் 'ஃபிளாஷ்ஃபார்வர்டு'. இப்படி ஒரு வாரம் அப்புறம் வரவே இல்லை என்பது என் கருத்து.

நாங்கள் காலாப்பட்டில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தோம். அங்கே இரவு எட்டு மணி என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை. சாயங்காலம் வகுப்பு முடிந்து வருவதற்குள் யாராவது நெட்டில் இருந்து இறக்கி, ஹாஸ்டல் கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கிற லேன் (LAN) நெட்வொர்க்கில் போட்டிருப்பான். நாடகம் என்றால் 350 எம்.பி., காமெடி என்றால் 175. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் அறைக் கதவில் ஒரு பேப்பர் ஒட்டி, அவரவர் வரிசையை எழுதுவோம். அதற்காகவே சண்டை நடக்கும்.

என் வரிசை: ஃபிளாஷ்ஃபார்வர்டு, ஹவுஸ், மாடர்ன் ஃபேமிலி, குட் வைஃப். ஃபிளாஷ்ஃபார்வர்டில் உலகம் முழுக்க எல்லாரும் 2 நிமிஷம் 17 விநாடி மயங்கி விழுகிறார்கள், அந்த நேரத்தில் ஆறு மாதம் கழித்து நடக்கப்போவதைப் பார்க்கிறார்கள். எழுந்து பார்த்தால் ஊரே எரிகிறது, ரோட்டில் ஒரு கங்காரு துள்ளிக்கொண்டு போகிறது. கடைசியில் ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கான பேர் விழுந்து கிடக்க, ஒருத்தன் மட்டும் நடந்து போகிறான். அறையில் இருந்தவர்கள் கத்தினது கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. கிட்டத்தட்ட எல்லாப் பெயருக்கும் எதிரே முதலிடம் அதற்குத்தான்.

ஒருத்தனைத் தவிர. ஜூனியர் பையன், காரைக்கால் பக்கம், அதிகம் பேச மாட்டான். அவன் குட் வைஃபை முதலில் எழுதியிருந்தான். 'ஏண்டா?' என்று கேட்டேன். 'அந்த நூல், அண்ணா' என்றான். அவ்வளவுதான் பதில்.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். புருஷன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று தன் வண்டவாளத்துக்கு விளக்கம் கொடுக்கிறான், மனைவி பக்கத்தில் நிற்கிறாள், கேமரா வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கிறது. அவள் கண் அவனுடைய கோட்டுக் கையில் ஒட்டியிருக்கிற ஒரு நூல் மேலேயே இருக்கிறது. அதை எடுக்கக் கையைக் கொண்டு போகிறாள். முதல் தடவை பார்த்தபோது நான் அந்த நூலைக் கவனிக்கவே இல்லை. பத்தொன்பது வயசுப் பையன் அதை எப்படிப் பிடித்தான் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

அந்தத் தம்பிதான் சரியாகப் போட்டிருக்கிறான். ஃபிளாஷ்ஃபார்வர்டு 22 எபிசோடோடு முடிந்தது, கடைசி எபிசோடில் கிளப்பிவிட்ட கேள்விக்கு பதிலே கிடையாது. குட் வைஃப் ஏழு சீசன் ஓடியது. நூலுக்கு அடுத்த நிமிஷம் காரிடாரில் புருஷனை ஓங்கி ஒரு அறை விடுவாளே, 2016 மே மாதம் கடைசி எபிசோடில் அதே மாதிரி ஒரு அறை அவள் கன்னத்தில் விழுந்து கதை முடிகிறது. முதல் நாளே இவ்வளவு கெட்டியாக அஸ்திவாரம் போட்ட தொடரை நாலாவது இடத்தில் வைத்தால் என்ன நியாயம்?

என் கதை 2006. 'ஹீரோஸ்' முதல் எபிசோடு, செப்டம்பர் 25. எனக்கு டிவிடி கைக்கு வந்தது கொஞ்ச நாள் கழித்துத்தான், பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. கடலூரில் எங்கள் வீட்டில் சித்தப்பாவும் கூட உட்கார்ந்தார். அவர் சென்னை பாரிஸ் கார்னரில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர்.

ஆரம்பத்திலேயே 'மெட்ராஸ், இந்தியா' என்று எழுத்து வருகிறது. ஊர் பெயர் சென்னை ஆகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது அப்போது. மோகிந்தர் சுரேஷ் என்று ஒரு பேராசிரியர் பாடம் நடத்துகிறார். அந்த வேஷத்தில் செந்தில் ராமமூர்த்தி, அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். சித்தப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஜன்னல், சுவர், வெளிச்சம் எல்லாவற்றையும் பார்த்தார். 'இது எந்த இடம்டா? நம்ம ஊர்ல எங்கடா இப்படி இருக்கு?' என்றார்.

அந்த வருஷம் என் வரிசையில் ஹீரோஸ்தான் முதல். டோக்கியோ ஆபீசில் ஹிரோ என்கிறவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மனசின் சக்தியாலேயே கடிகார முள்ளை ஒரே ஒரு விநாடி பின்னால் தள்ளுவான் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. சித்தப்பா அதைக் கடைசியில் வைத்தார். 'நமக்குத் தெரிஞ்ச ஊரையே இப்படிக் காட்டுறவன், தெரியாத ஊரை எல்லாம் எப்படிக் காட்டியிருப்பான்?' என்று கேட்டார். நான் டோக்கியோவைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடிகாரக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், ஜப்பான்காரர் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருப்பாரோ என்றுதான் தோன்றுகிறது.

முதுநகர் அக்கா

நீங்கள் எல்லாரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். நம் வீட்டிலும் புது சீசன் வாரம் வருகிறதே.

2024 அக்டோபர் 6, ஞாயிறு. பிக்பாஸ் எட்டாவது சீசன். ஏழு சீசன் நடத்திய கமல்ஹாசன் இல்லை, விஜய் சேதுபதி வருகிறார். எங்கள் வீட்டில் என் மாமியார் ஒரு முறை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் அந்த வாரம் எது ஒன்று, எது ரெண்டு என்று வாய்விட்டுச் சொல்வார். அப்போது 'கயல்', 'சிங்கப்பெண்ணே', 'சிறகடிக்க ஆசை' இந்த மூன்று சீரியலுக்குள்தான் போட்டி. புதுசாக எது வந்தாலும் கடைசியில் நின்று மேலே ஏறி வர வேண்டும்.

அந்த ஞாயிறு முதல் தடவையாக பிக்பாஸ் பார்க்க உட்கார்ந்தார். காரணம் 'மகாராஜா' படம். அதில் விஜய் சேதுபதியின் மகளாக வந்த சாச்சனா இந்த வீட்டுக்குள் போகிறாள் என்று தெரிந்ததும், 'அந்தப் பொண்ணா!' என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நடுவில் கோடு போட்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. 24 மணி நேரத்துக்குள் ஒருத்தரை வெளியே அனுப்ப வேண்டும் என்றார்கள். எல்லாரும் சேர்ந்து அனுப்பியது அந்தப் பெண்ணைத்தான்.

மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு, 'வந்த புள்ளைக்கு ரெண்டு வேளை சோறு போட்டு அனுப்பக் கூடாதா? வீட்டுக்குள்ள கூப்பிட்டது யாரு?' என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது மாதிரி. எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சில நாளிலேயே சாச்சனாவைத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். 'போனது போனதுதான்' என்று சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் பிக்பாஸ் பெயரே வரவில்லை. கடைசி இடம்கூட இல்லை.

ரெட்டியார்பாளையம் சீனியர்

எல்லாருக்கும் வணக்கம். என் அனுபவம் சின்னது. 2010 செப்டம்பர் 20, 'லோன் ஸ்டார்'. ஒரே ஆள் இரண்டு ஊரில் இரண்டு குடும்பம் நடத்தி ஏமாற்றுகிற கதை. அந்த வாரம் நான் பார்த்ததில் அதுதான் முதலிடம். இரண்டு எபிசோடோடு தூக்கிவிட்டார்கள். அந்த ஆள் மாட்டினானா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அதனால் வரிசை போடுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல விரும்புகிறேன். புதுத் தொடரையும் பழைய தொடரின் புது சீசனையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். காலாப்பட்டுத் தம்பி ஹவுஸையும் ஃபிளாஷ்ஃபார்வர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஹவுஸ் ஐந்து சீசனாகச் சேர்த்த பாசத்தோடு வருகிறது. அந்த இரண்டு மணி நேரமும் மனநல மருத்துவமனையில் நடக்கிறது, வழக்கமான டீமே கிடையாது. பழைய பாசம் இருந்தால்தான் அந்தத் துணிச்சல் உறைக்கும். புதுசாகப் பார்க்கிறவருக்கு அது வேறு படம்.

அரை மணி நேரக் காமெடிக்கும் ஒரு மணி நேர நாடகத்துக்கும் தனித்தனிப் பட்டியல் போடுங்கள். மாடர்ன் ஃபேமிலி முதல் எபிசோடு மூன்று குடும்பத்தைத் தனித்தனியாகக் காட்டி, அவர்கள் ஒரே குடும்பம்தான் என்று கடைசியில் உடைக்கிறது. அந்தச் சின்ன நேரத்துக்குள் அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது பெரிய நாடகத்தின் பக்கத்தில் வைத்தால் தெரியாது. அது பிறகு தொடர்ந்து ஐந்து வருஷம் சிறந்த காமெடிக்கான எம்மி விருது வாங்கியது.

மூன்று எபிசோடாவது பார்க்காமல் வரிசை எழுதாதீர்கள். சேனல் முதலில் காட்டுவது கதையின் முதல் பகுதி என்றுகூட நம்ப முடியாது. 'ஃபயர்ஃபிளை' 2002 செப்டம்பர் 20 அன்று தொடங்கியபோது, தொடக்கமாக எடுத்த இரண்டு மணி நேர எபிசோடை விட்டுவிட்டு வேறொன்றை ஒளிபரப்பினார்கள். உண்மையான முதல் எபிசோடு டிசம்பர் 20 அன்று கடைசியாக வந்தது. அந்த முதல் வாரத்தை வைத்து மார்க் போட்டவர்கள் எதற்கு மார்க் போட்டார்கள்?

பிக்பாஸுக்கும் இதேதான். தொடக்க ஞாயிறு வெறும் அறிமுகம், மேடை, ஆட்டம் பாட்டம். அதைக் கழித்துவிட்டுத் திங்கள் முதல் வெள்ளி வரை பாருங்கள். டி.ஆர்.பி.யையும் பார்க்க வேண்டாம். அதை எடுக்கிற பார்க் (BARC) அமைப்பின் கணக்கு சனி முதல் வெள்ளி வரை, அந்தப் பெரிய ஞாயிறும் அதே வாரத்தில் சேர்ந்துவிடும். அதுவும் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து, பார்க்கிற ஆள் ரிமோட்டில் தன் பட்டனை அமுக்கினால்தான் ஆள் கணக்கு. பார்த்து முடித்ததும், போனை எடுப்பதற்கு முன்பே, ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். முதுநகர் சகோதரியின் மாமியார் வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருப்பது நல்ல பழக்கம், ஆனால் ஒரே காட்சிக்காக மொத்தமாக ஒதுக்கிவிட்டார். இன்னும் இரண்டு வாரம் கொடுத்திருக்கலாம்.

முதுநகர் அக்கா

சார், எங்கள் மாமியாருக்கு இரண்டு வாரம் கொடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. கொடுக்கவும் வேண்டாம். விருந்தாளியை மறுநாளே வாசலுக்கு அனுப்பினார்கள், அவருக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் வீடு எவ்வளவு கலகலப்பாக இருந்தால் என்ன?

முத்தியால்பேட்டை

சீனியர் சார் சொல்கிற மூன்று எபிசோடு கணக்கு 'லாஸ்ட்' விஷயத்தில் செல்லாது. 2004 செப்டம்பர் 22. கண் திறக்கிறது, மூங்கில் காடு, ஒருத்தன் எழுந்து ஓடுகிறான், கடற்கரையில் பாதி விமானம். ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் பக்கமாகப் போன ஆளை அது அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ஒரு நொடிக்கு மேல் எனக்கு ஆதாரம் வேண்டாம். அங்கே கிடந்தது அட்டை செட்டும் இல்லை, உடைத்துக் கொண்டுவந்த நிஜ விமானம்.

கல்யாணமான புதுசில் என் மனைவிக்கு இதைப் போட்டுக் காட்டினேன். இன்ஜின் காட்சி வந்ததும் என் கையைத் தட்டிவிட்டு, 'அந்த ஆளோட பேர் என்ன?' என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஆறு சீசனும் பார்த்தவன் நான். அவள் அதோடு எழுந்து போய்விட்டாள்.

காலாப்பட்டு ஹாஸ்டல்

மஞ்சக்குப்பம் அண்ணா, பின்னால் எத்தனை சீசன் ஓடியது என்பதை வைத்து அந்த வாரத்துக்கு மார்க் போட முடியாது. 2009 செப்டம்பர் 27 ராத்திரி எங்கள் யாருக்கும் 2016 தெரியாது. அன்றைக்கு ஃபிளாஷ்ஃபார்வர்டு முதலிடம், இன்றைக்குக் கேட்டாலும் அந்த வாரத்துக்கு அதுதான். அந்தப் பையன் குட் வைஃபை முதலில் வைத்ததும் ஏழு சீசன் ஓடும் என்று தெரிந்து இல்லை. நூலைப் பார்த்தான், வைத்தான். எனக்கு இருக்கிற கேள்வி அதைப் பற்றித்தான்.

வில்லியனூர்

2016 வாரத்தை யாரும் எழுதவில்லையே. என் வரிசை: 'திஸ் இஸ் அஸ்', 'டெசிக்னேட்டட் சர்வைவர்', 'தி குட் பிளேஸ்'. குட் பிளேஸ் தன் சீட்டைக் கடைசி வரை காட்டாமல் வைத்திருந்தது, முதல் வாரத்தில் அதற்கு மூன்றாவது இடம்தான் தர முடியும்.

திஸ் இஸ் அஸ் செப்டம்பர் 20 அன்று வந்தது. ஒரே நாளில் பிறந்தநாள் வருகிற சிலரின் கதைகள், நடுவில் ஒரு பிரசவம். எல்லாம் ஒரே காலத்தில் நடக்கிற மாதிரியே கொண்டு போவார்கள். நான் ஹாலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷ் வசனம் அவருக்குப் புரியாது. தண்ணீர் குடிக்க வந்தவர் டிவி முன்னால் நின்றார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒருத்தர் சிகரெட் பற்ற வைக்கிறார். 'பழைய காலத்துக் கதையா இது?' என்று கேட்டார் அப்பா. நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் திரையில் பழைய டிவி, பழைய உடுப்பு எல்லாம் வந்துவிட்டன. கதையின் முடிச்சே அதுதான்.

தொடக்கத்திலிருந்து பார்த்த எனக்குத் தெரியாதது, நின்ற இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்துவிட்டது. 'எங்க வார்டுலயும் அப்போ டாக்டருங்களே பிடிப்பாங்க' என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். மறுநாள் எபிசோடு முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். சொன்னேன். அவரும் அதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்.